வர்க்கி வண்டி

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கோபித்துக்கொண்டு தோட்டத்து ஜீப்பில் ஏறிப் போன பிறகு, தட்டில் நீ விட்டுப்போன இட்லியை உன் அம்மா கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதற்கு அவள் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். நீ கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நடந்து மாளாது, வீட்டில் சும்மா நிற்கிற புல்லட்டைக் கொடுங்கள் என்றாய். தர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாய். மலைப் பாதை, பழைய வண்டி, மழைக்காலம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அதில் ஒன்றுகூட உண்மையில்லை. உண்மைக் காரணம் பொறாமை. பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற சொல்லா இது என்று உனக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த வண்டியை வாங்கிய நாள்முதல் நான் பட்ட எரிச்சலைச் சொல்லாமல், கொடுக்கிறேன் என்றும் சொல்ல வரவில்லை, கொடுக்கமாட்டேன் என்றும் சொல்ல வரவில்லை. நேரில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய வண்டி அது. எழுபதுகளின் தொடக்கம். நான் அப்போதுதான் ஏலக்காய்த் தரகில் இறங்கியிருந்தேன். மலையில் சிறு தோட்டக்காரர்களிடம் போய்க் காயைப் பார்த்து, மாதிரி எடுத்துவந்து, போடியில் கமிஷன் கடைகளில் பேசி முடித்துவிடுகிற சோலி. பஸ்சை நம்பிப் போனால் எனக்கு முன்னால் வேறு தரகன் அங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பான். பூப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்த வர்க்கி என்கிற மலையாளி தன் புல்லட்டைக் கொடுக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். என் கைக்கு வரும்போதே நன்றாக ஓடித் தேய்ந்த வண்டி. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷம் போடிமெட்டு வரைக்கும்தான். செக்போஸ்ட்டில் கட்டை குறுக்கே கிடந்தது. நான் வளைவு திரும்புவதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"வர்க்கி வண்டி வருது, கட்டையத் தூக்கு."

கட்டை தூக்கிக்கொண்டது. வர்க்கி வண்டியை விற்ற சேதி எனக்கு முன்னாலேயே அங்கே வந்திருந்ததாம், ஆனாலும் என் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சரி, புதுசு, போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தேன். எங்கே பழகியது? மாதம் போய், வருஷம் போய், வர்க்கி வேறு தோட்டத்துக்கு மாறிப்போன பிறகும் அது வர்க்கி வண்டிதான். மெட்டு டீக்கடையில் வர்க்கி வண்டி. மலையடிவாரத்து முந்தல் சாவடியில் வர்க்கி வண்டி. போடியில் என் வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவனிடம் தெருமுனைக் கடைக்காரர் என்ன சொல்வார் தெரியுமா? வாசலில் வர்க்கி வண்டி நிற்கும் பாருங்க, அந்த வீடு என்பார். என் தாத்தா காலத்திலிருந்து நாங்கள் இருக்கிற வீட்டுக்கு எங்கிருந்தோ வந்த ஒருத்தர் பேரில் அடையாளம். வயிறு எரியாதா?

வெளியில் இருக்கிறவர்கள் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் அம்மா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. வண்டி வந்த வாரம் அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ராசிங்காபுரத்தில் அவள் பிறந்த வீட்டுக்குப் போனேன். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, உன்னை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் எல்லை வந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன என்றேன். "ஏங்க, இது சனிக்கிழம வண்டிதானே" என்றாள். வர்க்கி சனிக்கிழமை தோறும் தேவாரம், கம்பம் வழியாகத் தன் ஊருக்குப் போவாராம். சாயங்காலம் இந்தச் சத்தம் கேட்டால் விளக்கு வைக்கிற நேரம் என்று இவர்கள் வீட்டில் கணக்காம். கல்யாணத்துக்கு முன்னால் சிறுபெண்ணாக இருந்தபோதே இந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். அவள் ஒன்றும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, பஸ்சு வருகிற நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். வர்க்கியின் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்த்ததில்லை. அதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் அவளைப் பெண்பார்க்கப் போவதற்கு எத்தனையோ சனிக்கிழமை முன்னாலேயே என் வண்டி அவள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது, ஓட்டினவன் நானில்லை. மாமனார் வீட்டில் அன்றைக்குக் கோழி அடித்துப் போட்டார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த கூத்துகளைக் கேள். கறுப்பு வண்டிக்குச் சிவப்புச் சாயம் அடித்தேன். சிவப்பு வர்க்கி வண்டி ஆயிற்று. டாங்கில் நம் குலசாமி பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே என் பேரையும் எழுத வைத்தேன். மெட்டு டீக்கடைக்காரர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, வர்க்கி வண்டியில் எழுத்து அழகாக இருக்கிறது, யார் எழுதினது என்று கேட்டார். சத்தத்தை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறார்கள் என்று சைலன்சரை மாற்றினேன். வர்க்கி காலத்திலிருந்தே இந்த வண்டிக்கு வேலை பார்க்கிற நம் தெரு மெக்கானிக் சின்னமாயன் வேண்டாம் என்றுதான் சொன்னான். கேட்கவில்லை. சத்தம் மாறியது, கூடவே இழுவையும் போனது. மலையில் பாதி ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றது. பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டும்போது, வர்க்கி சார் கையில் இது இப்படி நின்றதே இல்லை என்று அவன் சொன்னான். ஸ்பானரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

அன்றைக்கு ஒரு வைராக்கியம் வந்தது. வர்க்கியைவிட நன்றாக இந்த வண்டியை வைத்திருக்கிறேன் பார் என்று இறங்கினேன். எனக்கு வண்டி வேலை தெரிந்ததெல்லாம் அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டதுதான், ஆசையில் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. ஆயில் கறுத்த பிறகு மாற்றுகிறவன் சோம்பேறி, கறுக்கிறதற்கு முன்னாலேயே மாற்று. வால்வைத் தூக்குகிற டாப்பெட் சத்தம் போட்டால் சூடாக இருக்கும்போது கைவைக்காதே, காலையில் ஆறிக் கிடக்கிற இன்ஜினில்தான் இடைவெளி பார்க்க வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து எண்ணெய் போடு, கழுவாமல் மேலே மேலே எண்ணெய் விட்டால் மலை மண்ணெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தைத் தின்றுவிடும். கிளட்ச் ஒயர் ஒன்று ஓடும்போதே அதன் கூடவே இன்னொன்றைச் சேர்த்துக் கட்டி வை, அறுந்தால் நடுக்காட்டில் நுனியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். இதெல்லாம் உனக்குப் புத்தி சொல்வதுபோல இருக்கும். ஒவ்வொன்றையும் செய்யும்போது என் மனதில் ஓடியது, இதை வர்க்கி செய்திருப்பாரா என்கிற ஒரே கேள்விதான். மீட்டர் ஒரு சுற்று முழுக்கச் சுற்றி மறுபடி எல்லாம் பூஜ்யமான அன்று, அவர் ஓட்டினதெல்லாம் அழிந்தது, இனி ஓடுவதெல்லாம் என் கணக்கு என்று வண்டியைச் சாலையோரம் நிறுத்திச் சூடம் கொளுத்தினேன். சின்னமாயனிடம் பெருமையாகச் சொன்னேன். வர்க்கி சார் காலத்தில் மீட்டர் ஒயர் அறுந்து ரொம்ப நாள் அப்படியே ஓட்டினாரே, அந்த ஓட்டம் இதில் சேராதே என்றான். சில பேருக்கு வாயில் சனி.

இனி என் முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். பாறையில் வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது இல்லை. மெட்டுக்கு ஏறினதும் இன்ஜினை அணைத்துவிட்டு முந்தல் வரைக்கும் வண்டியைச் சும்மா உருளவிட்டு இறங்குவது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்கிற காரியம். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். நானும் அப்படி இறங்க ஆரம்பித்தேன். எனக்குப் பெட்ரோல் கணக்கு இல்லை. இன்ஜின் அணைந்திருந்தால் சத்தம் இருக்காது, சத்தம் இல்லையென்றால் வழியில் ஒருத்தனும் நிமிர்ந்து பார்த்து அந்தப் பேரைச் சொல்லமாட்டான். அதற்காகத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஒரு மழை நாள், பின்னால் ஒரு மூட்டை ஏலக்காய். மேகம் இறங்கி எதிரே வருவது தெரியவில்லை. பிரேக்கை மட்டுமே நம்பி வளைவுக்கு வளைவு அழுத்திக்கொண்டே வந்ததில், டிரம் சூடேறிக் கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவே இல்லை. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மலைப் பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதினேன். மூட்டை கிழிந்து காய் ரோடு முழுக்கச் சிதறிவிட்டது. முழங்கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறேன், மேலேயிருந்து இறங்கிவந்த ஒரு ஜீப்பு நிற்கிறது, ஆட்கள் குதித்து ஓடிவருகிறார்கள்.

"ஏலே, வர்க்கி வண்டி விழுந்து கெடக்குடா, வெரசா வாங்கடா."

அடிபட்டுக் கிடந்தவன் நான். அப்போதும் விழுந்தது அவர் வண்டி. வலியில் அழுதேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அழுதது அதற்கில்லை. நீ இறங்கும்போது ஒருநாளும் இன்ஜினை அணைக்காதே, இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கு. யார் என்ன பேர் சொன்னாலும் சொல்லட்டும்.

அடிபட்டதற்குச் சில வருஷம் கழித்து ஒருநாள் வர்க்கி நேரில் வந்து நின்றார். மதுரைக்குக் கண் காட்டப் போகிற வழியில் போடியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். முடியெல்லாம் வெளுத்து, ஆள் ஒடுங்கிப் போயிருந்தார். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். மனதுக்குள் ஒரே குதியாட்டம். உன்னைவிட நன்றாக வைத்திருக்கிறேன் பாரடா என்று காட்ட இத்தனை வருஷம் காத்திருந்தவன் அல்லவா நான்? முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போதுதான் துடைத்து வைத்த வண்டி பளபளவென்று நின்றது. குனிந்து பார்த்தார், டாங்கைத் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்ன கேட்டார் தெரியுமா? இது அந்த டாக்டர் வண்டிதானே என்றார்.

எந்த டாக்டர் என்று கேட்டேன். அவருக்கு முன்னால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு டாக்டர் வைத்திருந்த வண்டியாம். வர்க்கி வாங்கி ஓட்டிய காலம் முழுக்க ஒருத்தர்கூட அவர் பேரைச் சொன்னதில்லையாம். மலை முழுக்க டாக்டர் வண்டி, டாக்டர் வண்டி என்றே கூப்பிட்டார்களாம். "அந்த ஆளை நான் கண்டதுகூட இல்ல, தரகரே. எங்கிலும் அவரை எனக்குக் கண்டுகூடா" என்றார். எங்கிலும் என்றால் ஆனாலும், கண்டுகூடா என்றால் ஆகவே ஆகாது என்று அர்த்தம். அந்த எரிச்சலில்தான் வண்டியையே விற்றாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. வாய் சும்மா இருக்காமல், இப்போது எல்லோரும் இதை வர்க்கி வண்டி என்றுதானே சொல்கிறார்கள் என்று நானே சொல்லிவிட்டேன். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நெஜமா என்றார். யார் சொன்னது, செக்போஸ்ட்டிலா, என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள், ஒருதடவை சொல்லுங்கள் என்றார். என் வாயால், என் வீட்டு முற்றத்தில் நின்று, வர்க்கி வண்டி வருது கட்டையத் தூக்கு என்று அவருக்குச் சொல்லிக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னேன். கண் மங்கிப்போன மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்சு ஏறிப் போனார். அவருக்குக் கிடைத்தது எனக்கு எப்போது கிடைக்கும் என்று நினைத்து நினைத்து, அன்றைக்கு முழுக்கத் துடைத்த வண்டியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முழங்கால் மடங்காமல் போய் நான் வண்டியை உதைத்துக் கிளப்பிப் பல மாதம் ஆகிறது. சின்னமாயன் வந்து கிளப்பி வைத்துவிட்டுப் போவான். அன்றைக்கு அவன் வந்து உதை உதை என்று உதைத்தும் கிளம்பவில்லை. நீ தூங்கி எழுந்து வந்து, தள்ளுங்கண்ணே என்றாய். இன்ஜின் அழுத்தத்தை விடுவிக்கிற டீகம்ப்ரசரைப் பிடித்து, ஆம்பியர் முள்ளை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே உதை. நான் சொல்லிக்கொடுத்த முறைதான். ஆனால் எனக்கு ஒருநாளும் ஒரே உதையில் கிளம்பினதில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பெற்றவளுக்குப் பெருமை இருக்காதா? அதைப் பார்த்தே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதோடு நின்றிருந்தால் சாவியைக் கொடுத்திருப்பேன். சின்னமாயன் விடுவானா? உன்னைத் தட்டிக்கொடுத்து ஒரு வார்த்தை சொன்னான்.

"அப்படியே வர்க்கி சாரு மிதிக்கிற மாதிரியே இருக்கு மாப்ளே."

அப்பு, நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறவன் அவன். உன் நடை என் நடை என்பார்கள், உன் மூக்கு என் மூக்கு என்பார்கள். வண்டி என்று வந்ததும் நீகூட அவர் மாதிரியா? என் மகனைக்கூட எடுத்து அந்த ஆளிடம் கொடுத்துவிட்டானே என்று இருந்தது. அந்த ஆத்திரத்தில்தான் நீ கேட்டபோது தர முடியாது என்றேன். நீ இட்லியை விட்டுவிட்டுப் போய்விட்டாய். உன் அம்மா அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றே ஒன்று சொன்னாள். "ஓட்ட முடியாத வண்டியப் பூட்டி வச்சுக்கிட்டு யாருகிட்ட வீம்பு பண்றீங்க?"

ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போ. அப்பா மனம் இளகிவிட்டது என்று உருகிவிடாதே, இது பாசத்தில் கொடுப்பது மட்டுமில்லை. நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது வர்க்கி வண்டிதான். என் பேர் அதற்கு வர வேண்டுமென்றால், டாக்டரும் வர்க்கியும் இறங்கினதுபோல நானும் இறங்கியாக வேண்டும். நீ மெட்டுக்கு ஏறுகிறபோது செக்போஸ்ட்டில் இப்போது இருக்கிற புது ஆட்களுக்கு வர்க்கியைத் தெரியாது, என்னைத்தான் தெரியும். தரகர் வண்டி என்பார்கள். டீக்கடையில் தரகர் வண்டி. நீ வேலை பார்க்கிற தோட்டத்திலும் தரகர் வண்டி. நீ என்ன சாயம் அடித்தாலும், எந்த சைலன்சரை மாட்டினாலும் அதுதான் பேர். சத்தம் கேட்காமல் இறங்கப் பார்க்காதே, என் முழங்காலை நினைத்துக்கொள். சின்னமாயன் ஆயில் மாற்றி, பிரேக்குக்குப் புது ஷூ போட்டு வைத்திருக்கிறான். அடுத்த தடவை இறங்கும்போது வந்து எடுத்துக்கொள். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இதிலும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. இத்தனை வருஷம் நான் கேட்க ஆசைப்பட்ட பேரை அவர்கள் கடைசியில் சொல்லும்போது, கேட்கிற காது உன்னுடையதாக இருக்கும். நான் இங்கே முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதனால் கேட்ட அன்றைக்கே எனக்கு எழுது. யார் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது, எப்படிச் சொன்னது என்று ஒன்று விடாமல் எழுது. முதலில் உனக்குச் சிரிப்பாக இருக்கும். போகப் போக எரிச்சல் வரும், என் வண்டியை ஏன் அந்த ஆள் பேரில் சொல்கிறார்கள் என்று என்மேலேயே கோபம் வரும். அந்தக் கோபத்தை மறைக்காமல் அதையும் எழுது. நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய் என்று தெரிந்தால்தான் அது என் வண்டி என்று நான் நம்புவேன்.

அப்பா